விரயத்தைக் காணக் கற்பது எப்படி? லீன் தலைமைப் பயிற்சிகள் பற்றி ஒரு திறனாய்வு

தொழிற்சாலைகளில் இன்று அடிக்கடி அடிபடும் சொற்களுள் ஒன்று 'லீன்' என்பதாகும். மெலிந்த, மிகைச் சதையற்ற என்பது இதன் நேர்ப்பொருள். தேவையற்ற இருப்பு, தேவையற்ற காத்திருப்பு, தேவையற்ற அலைச்சல் ஆகியவற்றை நீக்கி, வேண்டிய பொருளை வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவில் மட்டும் செய்வதே லீன் உற்பத்தி முறை. தமிழில் இதனை விரயமில்லா உற்பத்தி எனலாம்.

பாலிடெக்னிக்கிலோ பொறியியல் கல்லூரியிலோ படித்து முடித்து ஆலைக்குள் நுழையும் இளைஞர், சில ஆண்டுகளில் பத்துப் பேருக்கோ இருபது பேருக்கோ தலைவராகிறார். அப்போது அவரை 'லீன் தலைவர்' பயிற்சிக்கு அனுப்புவது இன்று பல நிறுவனங்களில் வழக்கமாகிவிட்டது. சில நாள் வகுப்பு, ஏழு வகை விரயங்களின் பட்டியல், சில ஜப்பானியச் சொற்கள், மேசைமேல் ஒரு விளையாட்டு, முடிவில் ஒரு தேர்வு, கையில் ஒரு சான்றிதழ் என்பது இப்பயிற்சிகளின் பொது அமைப்பு.

வாசகர்களாகிய உங்களில் பலர் நாளை இத்தகைய வகுப்பில் உட்கார நேரலாம். சிலர் சொந்தப் பணம் கட்டியே சேரலாம். ஆகவே இப்பயிற்சிகள் எதைச் சரியாகக் கற்பிக்கின்றன, எதை விட்டுவிடுகின்றன என்று இங்கே எடைபோட்டுப் பார்ப்போம்.

தறியில் தொடங்கிய கதை

இந்த முறையின் வேர் மோட்டார் தொழிலில் இல்லை. நெசவுத் தொழிலில் இருக்கிறது. ஜப்பானைச் சேர்ந்த சகிச்சி டொயோடா என்பவர் 1924-ல் ஒரு தானியங்கித் தறியை நிறைவு செய்தார். இழை அறுந்தால் அந்தத் தறி தானே நின்றுவிடும். அதனால் பழுதான துணி மேலும் மேலும் நெய்யப்படுவது தடுக்கப்பட்டது. ஒவ்வொரு தறியையும் ஒருவர் காவல் காக்க வேண்டிய தேவையும் நீங்கியது. ஒரே தொழிலாளி பல தறிகளைக் கவனிக்க முடிந்தது. 1929-ல் இங்கிலாந்தின் பிளாட் சகோதரர்கள் நிறுவனம் இத்தறியின் உரிமையை ஒரு லட்சம் பவுனுக்கு வாங்கியது.

சகிச்சியின் மகன் கீச்சிரோ 1937-ல் டொயோட்டா மோட்டார் நிறுவனத்தைத் தொடங்கினார். ஒவ்வொரு உதிரிப் பாகமும் தேவைப்படும் நேரத்தில் மட்டும் வந்து சேர வேண்டும் என்பது அவர் வகுத்த கொள்கை. போருக்குப்பின் 1950-ல் நிறுவனம் பெரும் கடனில் மூழ்கியது. ஆட்குறைப்பும் வேலைநிறுத்தமும் நிகழ்ந்தன. கீச்சிரோ பதவி விலகினார். கிடங்கில் பொருளைக் குவித்து வைக்கப் பணமில்லாத அந்தச் சூழலில்தான் தாயிச்சி ஓனோ என்ற பொறியாளர், தறியின் தத்துவத்தையும் உரிய நேர வழங்கலையும் இணைத்து ஒரு முழு முறையாக வளர்த்தார். ஓனோவும் நெசவாலையில் 1932-ல் வேலைக்குச் சேர்ந்து, 1943-ல் மோட்டார் ஆலைக்கு வந்தவரே.

ஓனோ வகுத்த ஏழு விரயங்கள் இவை: மிகை உற்பத்தி, காத்திருப்பு, தேவையற்ற இடமாற்றம், தேவைக்கு மேற்பட்ட வேலைப்பாடு, மிகை இருப்பு, தேவையற்ற உடல் அசைவு, பழுதுள்ள பொருள்கள். இவற்றுள் மிகை உற்பத்தியே தலையாயது என்றார் அவர். காரணம் எளிது. தேவைக்கு மேல் செய்த பொருளை வைக்க இடம் வேண்டும். தூக்கிச் செல்ல ஆள் வேண்டும். அதிலுள்ள பழுதும் நெடுநாள் மறைந்து கிடக்கும். அந்த ஒரு விரயம் மற்ற விரயங்களைப் பெற்றெடுக்கிறது.

அமெரிக்காவில் ஜான் கிராஃப்சிக் 1988-ல் எழுதிய கட்டுரையில்தான் 'லீன்' என்ற பெயர் இம்முறைக்கு வந்தது. 1990-ல் வோமாக், ஜோன்ஸ், ரூஸ் ஆகிய மூவர் எழுதிய நூல் அதனை உலகெங்கும் பரப்பியது. அந்நூலின் ஒப்பீடு ஒன்று பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. 1986-ல் ஒரு காரைப் பூட்ட, அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாமிலிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைக்கு 31 மணி நேர உழைப்புத் தேவைப்பட்டது. டொயோட்டாவின் தகவோகா ஆலைக்கு 16 மணி நேரமே போதுமாயிருந்தது. நூறு கார்களுக்குப் பழுதுகள் முறையே 130, 45. உதிரிப் பாகங்களின் சராசரி இருப்பு, முன்னதில் 2 வாரங்களுக்குரியது. பின்னதில் 2 மணி நேரத்துக்குரியது.

இந்த எண்களைக் கண்டபின் தொழில் உலகம் சும்மா இருக்குமா? பயிற்சி நிலையங்கள் பெருகின; சான்றிதழ்களும் பெருகின. ஆனால் இந்த எண்கள் யாவும் விளைவுகள் என்பதை நினைவில் வையுங்கள். நோயற்ற ஒருவரின் உடல் வெப்பம் 98.4 டிகிரி என்பதை அறிந்ததால் மட்டும் காய்ச்சலைத் தீர்க்க முடியாது. இருப்பு 2 மணி நேரம் என்ற எண்ணைப் பார்த்துத் தன் ஆலையின் கிடங்கை மட்டும் காலி செய்யும் தலைவர், வெப்பமானியைத் தண்ணீரில் நனைத்துக் காய்ச்சலைக் குறைத்தவர் ஆவார்.

பத்து மணி நேரத்தில் ஒரு நல்ல பயிற்சி

சில நாள் பயிற்சி போதுமா என்று கேட்பவர்கள் உண்டு. பயிற்சியின் நீளத்தை மட்டும் வைத்துக் குறை சொல்வது சரியாகாது. இதற்கு வரலாற்றில் நல்ல சான்று இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ஆலைகளிலிருந்து தேர்ந்த தொழிலாளர் பலர் போர்முனைக்குச் சென்றனர். ஆலை வேலையே அறியாத பெண்களும் ஆண்களும் அவர்கள் இடத்துக்கு வந்தனர். இவர்களை விரைவில் பழக்குவதற்காக 1940-ல் 'தொழிலகத்துள் பயிற்சி' என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. மேற்பார்வையாளருக்கு மூன்று பாடங்கள் வகுக்கப்பட்டன. வேலையைக் கற்றுக் கொடுப்பது எப்படி, வேலை முறையைச் சீர்திருத்துவது எப்படி, ஆட்களோடு பழகுவது எப்படி என்பவை அவை. ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு மணி நேர அமர்வுகள் ஐந்து. ஆக மொத்தம் பத்து மணி நேரமே. 1945-ல் திட்டம் முடிவதற்குள் 16,000-க்கும் மேற்பட்ட ஆலைகளில் 16 லட்சத்துக்கும் அதிகமான மேற்பார்வையாளர்கள் இப்பயிற்சியைப் பெற்றனர்.

பத்து மணி நேரம் எப்படிப் போதுமானதாயிற்று? முதலாவது, குழு சிறியது. இரண்டாவது, ஒவ்வொருவரும் தம் ஆலையில் உண்மையாக நடக்கும் ஒரு வேலையைக் கொண்டுவந்து, அதனை முக்கியப் படிகளாகவும், ஒவ்வொரு படியிலும் கவனிக்க வேண்டிய நுட்பங்களாகவும் பிரித்து எழுத வேண்டும். மூன்றாவது, அந்த வேலையை எல்லாரும் பார்க்க இன்னொருவருக்குக் கற்பித்துக் காட்ட வேண்டும். கற்க வந்தவர் கற்றுக்கொள்ளவில்லையென்றால் குறை கற்பித்தவரிடமே என்பது இத்திட்டத்தின் அடிப்படை எண்ணம்.

போருக்குப்பின் அமெரிக்காவில் இத்திட்டம் மறக்கப்பட்டது, ஜப்பானில் வேரூன்றியது. டொயோட்டாவும் 1950-களில் இதனை ஏற்று, தன் மேற்பார்வையாளர் பயிற்சிக்கு அடிப்படையாக்கிக் கொண்டது. இன்றைய லீன் வகுப்புகளில் ஓனோவின் பெயர் தவறாமல் வருகிறது. ஆனால் கற்பவர் தம் சொந்த வேலையை மேசைமேல் வைத்துச் செய்துகாட்ட வேண்டும் என்ற விதி பல வகுப்புகளில் காணப்படுவதில்லை. அதன் இடத்தைச் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாத்தாள் பிடித்துக்கொண்டது. என் முதல் குறைபாடு இதுவே.

மேசைமேல் நடக்கும் விளையாட்டு

லீன் வகுப்புகளில் மிகவும் புகழ்பெற்ற விளையாட்டு ஒன்று உண்டு. நான்கு பேர் வரிசையாக உட்காருவர். காகித விமானம் போன்ற ஏதோ ஒன்றை நான்கு படிகளில் செய்ய வேண்டும். ஒரு படிக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். முதல் சுற்றில் ஒவ்வொருவரும் பத்து விமானங்களையும் முடித்த பின்னரே அடுத்தவரிடம் தள்ளுவார். ஒருவருக்குப் பத்து நிமிடம் வீதம் 40-ஆவது நிமிடத்தில் வேலை முடியும். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு விமானமாகக் கைமாறும். முதல் விமானம் 4-ஆவது நிமிடத்தில் வந்துவிடும். பிறகு நிமிடத்துக்கு ஒன்றாக மற்ற ஒன்பதும் வரும். ஆக 13 நிமிடத்தில் வேலை முடிந்தது!

யாரும் வேகமாக உழைக்கவில்லை. புதிய இயந்திரமும் வாங்கவில்லை. கைமாறும் தொகுதியைச் சிறிதாக்கியதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். முதல் படியில் மடிப்பு தவறியிருந்தால் அடுத்தவர் உடனே கண்டுகொள்வார், பத்தும் வீணாகாது. நல்ல விளையாட்டு. இதனைக் குறை கூற நான் முன்வரமாட்டேன். ஆனால் பல வகுப்புகளில் பாடம் இங்கேயே நின்றுவிடுகிறதே, அதுதான் குறை.

ஏனெனில் இந்த விளையாட்டில் எல்லாருக்கும் சரியாக ஒரு நிமிடமே ஆகிறது. உண்மை ஆலையில் அப்படி நடக்குமா? உளி மழுங்கும், மின்சாரம் நிற்கும், ஒரு வார்ப்பு கடினமாயிருக்கும், ஒருவருக்குக் கை வலிக்கும். ஒரு வேலை 6 நிமிடத்திலும் அடுத்தது 15 நிமிடத்திலும் முடியும். இந்த ஏற்ற இறக்கம் என்ன செய்யும் என்பதைக் கணிதம் தெளிவாகக் காட்டியிருக்கிறது.

ஓர் இயந்திரத்துக்கு வேலைகள் ஒழுங்கற்ற இடைவெளிகளில் வருகின்றன. ஒவ்வொன்றையும் முடிக்க ஆகும் நேரமும் ஒழுங்கற்று மாறுகிறது. சராசரியாக ஒரு வேலைக்கு 10 நிமிடம் என்று கொள்வோம். வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய மாதிரியின்படி, அந்த இயந்திரம் பாதி நேரம் மட்டும் ஓடுமாறு வேலை கொடுத்தால், வரும் வேலை சராசரியாக 10 நிமிடம் காத்திருக்கும். 80 விழுக்காடு நேரம் ஓடுமாறு கொடுத்தால் 40 நிமிடம். 90 விழுக்காடு என்றால் 90 நிமிடம். 95 விழுக்காடு என்றால் 190 நிமிடம்! 100 விழுக்காட்டை நெருங்க நெருங்க வரிசை கட்டுக்கடங்காமல் நீளும்.

இதிலிருந்து பெறப்படுவது யாது? ஏழு விரயங்களின் பட்டியலை மனப்பாடம் செய்த ஒரு தலைவர், சும்மா நிற்கும் இயந்திரத்தைக் கண்டதும் 'காத்திருப்பு' என்று குறித்துக்கொண்டு, அதனை இடைவிடாது ஓட்ட முனைவார். விளைவு, அதன்முன் பொருள் குவியும்; வாடிக்கையாளருக்குத் தாமதம் ஆகும். ஒரு விரயத்தை நீக்கப்போய் அதனினும் பெரிய விரயத்தை உண்டாக்கிவிடுவார். மிகை உற்பத்தியே தலையாய விரயம் என்று ஓனோ தரவரிசை வகுத்ததன் பொருள் இங்கேதான் விளங்கும். பட்டியலை மட்டும் கற்பித்து, அதிலுள்ளவை ஒன்றோடொன்று மோதும்போது எதை விட்டு எதைப் பிடிப்பது என்பதைக் கற்பிக்காத வகுப்பு, பாதிப் பாடமே நடத்தியதாகும்.

இதனோடு ஜான் லிட்டில் என்ற அறிஞர் 1961-ல் நிறுவிய தேற்றத்தையும் ஒவ்வொரு தலைவரும் அறிய வேண்டும். உள்ளே இருக்கும் பொருள்களின் எண்ணிக்கையை, ஒரு நாளில் வெளியேறும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு பொருள் உள்ளே தங்கும் சராசரி நாள்கள் கிடைக்கும். ஓர் ஆலைக்குள் 600 பாகங்கள் கிடக்கின்றன. நாளொன்றுக்கு 60 வெளியேறுகின்றன. அப்படியானால் ஒவ்வொன்றும் சராசரியாகப் பத்து நாள் உள்ளே கிடக்கிறது. அதன்மேல் உண்மையாக வேலை நடந்தது இருபது நிமிடமாகவே இருக்கலாம். எட்டாம் வகுப்புக் கணக்கு போதும். ஆயினும் ஆலையின் நோயை இது பளிச்சென்று காட்டிவிடும்.

சிவப்பு மணிகளின் பாடம்

ஏற்ற இறக்கத்தைக் கற்பிக்க மிகச் சிறந்த வகுப்பறைச் சோதனை ஏற்கெனவே இருக்கிறது. 1950-ல் ஜப்பானிய அறிவியலாளர், பொறியாளர் சங்கத்தின் அழைப்பில் அங்குச் சென்று புள்ளியியல் கற்பித்த எட்வர்ட்ஸ் டெமிங் பிற்காலத்தில் தம் கருத்தரங்குகளில் நடத்திக்காட்டிய சோதனை அது.

ஒரு பெட்டியில் 3,200 வெள்ளை மணிகளும் 800 சிவப்பு மணிகளும் கலந்திருக்கும். 50 குழிகள் கொண்ட ஒரு துடுப்பை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். வெள்ளை நல்ல பொருள், சிவப்பு பழுது. 'தொழிலாளர்' அறுவர் மாறி மாறி எடுப்பர். ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு என்பதால் சராசரி பத்தை ஒட்டியிருக்கும். திட்ட விலக்கத்தைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 2.8 வரும். ஆகவே ஒருவர் 6 எடுப்பதும் இன்னொருவர் 14 எடுப்பதும் முற்றிலும் இயல்பு. ஆனால் மேலாளராக நடிக்கும் டெமிங், 6 எடுத்தவரைப் பாராட்டுவார். 14 எடுத்தவரைக் கடிந்துகொள்வார். அடுத்த முறை பாராட்டுப் பெற்றவர் 12 எடுப்பார். திட்டு வாங்கியவர் 8 எடுப்பார். திட்டினால்தான் வேலை நடக்கிறது என்று மேலாளர் முடிவுகட்டுவார்!

அவையினர் சிரிப்பார்கள். பிறகு யோசிப்பார்கள். தொழிலாளி எவ்வளவு முயன்றாலும் பெட்டியிலுள்ள சிவப்பு மணிகளைக் குறைக்க முடியாது. பெட்டி மேலாளரின் பொறுப்பு. தலைமைப் பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறு உண்டோ? காகித விமானத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கும் வகுப்பு, சிவப்பு மணிகளுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குமானால் அதன் மதிப்பு இரட்டிப்பாகும்.

'இருப்பே வேண்டாம்' என்னும் பிழை

இருப்பு முழுவதும் தீயது என்ற எண்ணமும் சில வகுப்புகளில் விதைக்கப்படுகிறது. டொயோட்டாவின் வரலாறே இதற்கு மறுப்புக் கூறுகிறது.

1997 பிப்ரவரி 1-ஆம் நாள், கரியா நகரிலிருந்த ஐசின் நிறுவன ஆலையில் தீப்பற்றியது. பிரேக்கின் திரவ அழுத்தத்தைச் சீராக்கும் சிறிய அடைப்பிதழ் ஒன்றை டொயோட்டாவுக்கு ஏறத்தாழ முழுவதும் வழங்கிவந்தது அந்த ஓர் ஆலையே. கையிருப்போ மிகச் சிறிது. சில நாள்களில் ஜப்பானிலிருந்த டொயோட்டா ஆலைகளில் பெரும்பாலானவை நின்றுபோயின. பாகம் வழங்கும் மற்ற நிறுவனங்கள் பல ஒன்றுகூடி, தம் பட்டறைகளில் அந்த அடைப்பிதழைச் செய்து கொடுத்ததால், ஒரு வாரமளவில் உற்பத்தி மீண்டது. இருப்பு செய்திருக்க வேண்டிய காவலை, நெடுநாள் உறவு செய்தது எனலாம்.

2011-ல் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கியபின் டொயோட்டா மேலும் ஒரு பாடம் கற்றது. செய்து முடிக்க நெடுங்காலம் பிடிக்கும் நுண்சில்லுகள் போன்றவற்றைச் சில மாதங்களுக்கு இருப்பு வைக்குமாறு வழங்குநர்களைக் கேட்டுக்கொண்டது. 2021-இன் தொடக்கத்தில் சில்லுத் தட்டுப்பாட்டால் மற்றக் கார் நிறுவனங்கள் திணறியபோது, அந்த இருப்பு அதனைத் தாங்கியது. தட்டுப்பாடு நீடித்ததால் அவ்வாண்டு செப்டம்பரில் டொயோட்டாவும் தன் உலக உற்பத்தித் திட்டத்தை 40 விழுக்காடு குறைக்க நேர்ந்தது என்பதும் உண்மையே. எந்த இடத்தில், எந்த ஆபத்துக்கு எதிராக, எவ்வளவு இருப்பு என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு விடை காணும் திறன், 'பூச்சிய இருப்பு' என்ற முழக்கத்திலிருந்து பிறக்காது.

கயிற்றை இழுக்கும் உரிமை

தலைமை பற்றி நாம் அறிய விரும்பினால் கலிபோர்னியாவின் ஃபிரிமாண்ட் ஆலையைப் பார்க்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய அந்த ஆலை, தகராறுகளுக்கும் வேலைக்கு வராமைக்கும் பெயர்போனது. 1982-ல் அது மூடப்பட்டது. 1984-ல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து 'நம்மி' என்ற கூட்டு நிறுவனமாக அதனைத் திறந்தன. பழைய தொழிலாளரில் பெரும்பாலோரே திரும்ப வந்தனர். அதே தொழிற்சங்கமும் இருந்தது. குழுத் தலைவர்கள் நூற்றுக்கணக்கில் தகவோகாவுக்குச் சென்று, அங்குள்ளவர்களோடு நின்று வேலை பழகினர். 1987-ல் இந்த ஆலையில் ஒரு காரைப் பூட்ட 19 மணி நேரம் ஆயிற்று. நூறு கார்களுக்குப் பழுது 45. அதாவது, தரத்தில் தகவோகாவுக்குச் சமம்.

மாறியது என்ன? வரிசை நெடுகிலும் ஒரு கயிறு தொங்கியது. பழுதைக் கண்ட எந்தத் தொழிலாளியும் அதனை இழுக்கலாம். குழுத் தலைவர் உடனே ஓடிவந்து உதவ வேண்டும்; குறித்த நேரத்துக்குள் சரியாகாவிட்டால் வரிசை நிற்கும். 1924-இன் தறி இழை அறுந்ததும் நின்றதே, அதே தத்துவம்தான் இது. இதனோடு வேலைப் பாதுகாப்பு பற்றிய உடன்பாடும் இருந்தது. 1980-களின் பிற்பகுதியில் விற்பனை குறைந்தபோது, ஆட்களை வீட்டுக்கு அனுப்பாமல் பயிற்சியிலும் சீரமைப்பு வேலைகளிலும் ஈடுபடுத்தினர்.

ஜெனரல் மோட்டார்ஸ் தன் மேலாளர்களை இங்கு அனுப்பிக் கற்கச் செய்தது. ஆனால் அவர்கள் திரும்பிப் போன ஆலைகளில் இம்முறை எளிதில் பரவவில்லை. கயிறு தொங்கவிடுவது எளிது. இழுத்தவரைத் திட்டாமல் நன்றி சொல்வது கடினம். முன்னது கருவி, பின்னது தலைமை. பயிற்சிகள் கற்பிக்க வேண்டியது இந்தப் பின்னதை.

தொழிலாளி பக்கத்திலிருந்து

இம்முறைக்கு இன்னொரு முகமும் உண்டு. ஜப்பானிய எழுத்தாளர் சத்தோஷி கமாட்டா, டொயோட்டாவில் தற்காலிகத் தொழிலாளியாக வேலை செய்து, வரிசையின் கடும் வேகத்தையும் உடற்சோர்வையும் 1973-ல் நூலாக வெளியிட்டார். அமெரிக்காவில் மைக் பார்க்கர், ஜேன் ஸ்லாட்டர் இருவரும் 1988-ல், இது ஆட்களை எப்போதும் நெருக்கடியில் வைத்து நடத்தும் நிர்வாகம் என்று எழுதினர். இவர்கள் சொல்வது முழுவதும் சரியென்று ஏற்க வேண்டியதில்லை. எனினும் லீன் தலைவராக வருபவர் இந்தக் குறைகளைக் கேட்டிருக்க வேண்டாமா?

ஒரு கணக்கைப் பாருங்கள். பத்துப் பேர் செய்த வேலையை, அலைச்சலைக் குறைத்து எட்டுப் பேர் செய்ய முடிந்தது. மீதமான இருவர் என்ன ஆவர்? அவர்கள் வேலையிழந்தால், மிஞ்சிய எண்மரும் இனி எந்த விரயத்தையும் வாய்திறந்து சொல்லமாட்டார்கள். அலைச்சலைக் குறைக்காமலேயே எண்மர் மேல் பத்துப் பேர் சுமையை ஏற்றினால், அது விரய நீக்கம் ஆகாது. வேலைச் சுரண்டலே ஆகும். இரண்டையும் பிரித்தறியக் கற்பிக்காத பயிற்சி, தொழிலாளியின் முதுகெலும்பைப் பணயம் வைக்கிறது. இந்தப் பாடத்துக்கு வகுப்பு அட்டவணையில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சான்றிதழும் கண்ணும்

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஆண்டுதோறும் நான் காணும் ஒன்றை இங்குச் சொல்லலாம். தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டறியும் சோதனையில், விடை முன்பே தெரிந்த மாணவர் சிலர், அளவுகளை விடைக்கேற்ப வளைத்து எழுதிவிடுவர். பதிவேடு அழகாக இருக்கும்; மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் ஊசலை அவர்கள் பார்த்ததே இல்லை. லீன் சான்றிதழ்களிலும் இந்த ஆபத்து இருக்கிறது. விடை தெரிந்தவர் விரயத்தைத் தேடிப் பார்ப்பதில்லை, பட்டியலோடு பொருத்திவிடுகிறார்.

ஓனோ கையாண்ட வழியாகச் சொல்லப்படுவது வேறு. ஆலைத் தளத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் வரைந்து, இளம் பொறியாளரை அதற்குள் நின்று மணிக்கணக்கில் கவனிக்கச் சொல்வாராம். பிறகு வந்து, என்ன கண்டாய் என்று கேட்பாராம். விடையை அவர் சொல்லமாட்டார்.

அமெரிக்காவில் 1988 முதல் சிறந்த ஆலைகளுக்கு 'ஷிங்கோ பரிசு' வழங்கப்பட்டு வருகிறது. பரிசு பெற்ற ஆலைகளில் பல, சில காலத்தில் பழைய நிலைக்கே சரிந்துவிட்டதைக் கண்ட அமைப்பினர், 2008-ல் தம் அளவுகோலையே மாற்றினர். கருவிகளைப் பயன்படுத்துகிறார்களா என்று பார்ப்பதைவிட, ஒவ்வொருவரின் அன்றாட நடத்தை மாறியிருக்கிறதா என்று பார்க்கத் தலைப்பட்டனர். பரிசு கொடுத்தவர்களே தம் அளவுகோலைத் திருத்திக்கொண்டது போற்றத்தக்கது. பயிற்சி நிலையங்களும் இந்த நேர்மையைப் பின்பற்ற வேண்டும்.

நம் நாட்டில் நல்ல முயற்சிகள் இல்லாமல் இல்லை. சென்னையின் சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998-ல் டெமிங் பரிசு பெற்றது. அதைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் அதுவே. 2007-ல் ஜப்பானியப் பேராசிரியர் ஷோஜி ஷிபாவின் வழிகாட்டலில், உற்பத்தித் துறைத் தலைவர்களுக்கான பயிற்சித் திட்டம் ஒன்று தொடங்கியது. சென்னை, கான்பூர் ஐ.ஐ.டி.களும் கல்கத்தா ஐ.ஐ.எம்.மும் அதில் பங்கேற்றன. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் லீன் திட்டம் 2023 மார்ச்சில் புதுப்பிக்கப்பட்டது. அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என மூன்று படிகள் அதில் வகுக்கப்பட்டன. மக்கள் பணம் செலவாகும் இத்தகைய திட்டங்களில், எத்தனை பேருக்குச் சான்றிதழ் கிடைத்தது என்பதோடு, ஓராண்டு கழித்து ஆலைக்குள் என்ன மாறியிருக்கிறது என்பதையும் அளந்து வெளியிடுவது நலம்.

முடிவாக, ஒரு பயிற்சியில் சேருமுன் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து. என் சொந்த வேலையை எடுத்துச் செய்துகாட்ட இடமுண்டா? ஏற்ற இறக்கம் பற்றிய கணிதம் பாடத்தில் உண்டா? விரயங்கள் ஒன்றோடொன்று மோதும்போது என்ன செய்வது என்று சொல்வார்களா? மீதமாகும் ஆட்களைப் பற்றிப் பேசுவார்களா? பயிற்சி முடிந்து சில மாதங்கள் கழித்து, ஆலைக்கு வந்து பார்ப்பார்களா? ஐந்துக்கும் ஆம் என்றால் தயங்காமல் சேருங்கள். முதல் கேள்விக்கே இல்லை என்றால் பணத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

அதுவரை நீங்களே செய்து பார்க்க ஒரு சோதனை தருகிறேன். விடுதி உணவுக்கூடத்திலோ நியாயவிலைக் கடையிலோ, நிற்கும் வரிசை அதிகம் கூடாமலும் குறையாமலும் இருக்கும் நேரத்தில், சிறிது தள்ளி நில்லுங்கள். வரிசையில் நிற்பவர்களை எண்ணுங்கள். பத்து நிமிடத்தில் எத்தனை பேர் வெளியேறுகிறார்கள் என்று பாருங்கள். 24 பேர் நிற்கிறார்கள், பத்து நிமிடத்தில் 8 பேர் வெளியேறுகிறார்கள் என்றால், புதிதாக வருபவர் ஏறத்தாழ 30 நிமிடம் நிற்க வேண்டும். கடைசியாக வந்து சேர்ந்தவர் மேல் ஒரு கண் வைத்து, கணக்கு சரிதானா என்று கடிகாரத்தில் பாருங்கள். பிறகு, வரிசை எங்கே தடைப்படுகிறது, யார் எதற்காகக் காத்திருக்கிறார் என்று அரைமணி நேரம் கவனித்து எழுதுங்கள். எடை போடுபவரைக் குறை சொல்வதற்கு முன், அவர் கையில் கொடுக்கப்பட்ட பெட்டியில் சிவப்பு மணிகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்க மறவாதீர்கள்.